கார்பன் சமநிலை: சிறு வணிகர்கள் எங்கிருந்து தொடங்குவது?

பிறை: இங்குள்ள தொழிற்பேட்டையை நம்பிப் பிழைக்கும் சிறு வணிகங்கள் ஏராளம். ஆலைகளுக்கு மதிய உணவு அனுப்பும் உணவகம், சரக்கு ஏற்றும் லோரி நிறுவனம், இரும்புப் பட்டறை, துப்புரவுக் குத்தகை என்று நம்மவர்களும் பலர் இதில் இருக்கிறார்கள். விலை என்ன, தரம் எப்படி என்பதோடு, “உங்கள் கார்பன் வெளியேற்றம் எவ்வளவு?” என்ற கேள்வியையும் இனி இவர்கள் எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.

ஏன் இந்தக் கேள்வி? 2050ஆம் ஆண்டுக்குள் நிகர வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்குவது மலேசியாவின் இலக்கு. இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்கு 2026இல் கார்பன் வரி கொண்டு வரப்படும் என்று 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. நமது சாப்பாட்டுக் கடைக்கு அந்த வரி கிடையாது. ஆனால் பெரிய நிறுவனங்கள் தங்கள் கணக்கை வெளியிடும்போது, தங்களுக்குப் பொருளும் சேவையும் தருபவர்களின் வெளியேற்றத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டிய நிலை வருகிறது. கணக்கு இல்லாத கடைக்காரர் குத்தகையைக் கணக்கு வைத்திருப்பவரிடம் இழக்கலாம்.

கார்பன் சமநிலை என்றால் என்ன? நம் தொழிலால் வெளியாகும் கரியமில வாயுவை அளந்து, முடிந்த வரை குறைத்து, குறைக்க முடியாத மிச்சத்துக்கு வேறோர் இடத்தில் அதே அளவு ஈடு செய்வது. அளப்பது, குறைப்பது, ஈடு செய்வது என்ற இந்த வரிசைதான் முக்கியம். 2023இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 14068 தர நிர்ணயமும் குறைப்பதற்கே முதலிடம் தருகிறது.

தோட்டத்தில் பால் நிறுத்து எழுதாமல் சம்பளக் கணக்குப் போட முடியாது. இதுவும் அப்படித்தான். அளப்பதற்கு நிபுணர் தேவையில்லை. மேசை இழுப்பறையில் கிடக்கும் பில்களே போதும். நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும் உற்பத்தியாகிறது. 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி தீபகற்ப மலேசியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.77 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. எரிசக்தி ஆணையம் வெளியிடும் புதிய அளவைப் பார்த்து மாற்றிக் கொள்ளலாம். ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 2.7 கிலோ, ஒரு கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சுமார் 3 கிலோ என்று வைத்துக் கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு ஓர் உணவகம். மாதம் 3,000 யூனிட் மின்சாரம்: 2,310 கிலோ. 14 கிலோ எரிவாயு தோம்பு 40: 1,680 கிலோ. உணவு கொண்டு செல்லும் வேனுக்கு 300 லிட்டர் டீசல்: 810 கிலோ. மொத்தம் 4,800 கிலோ, அதாவது ஆண்டுக்குச் சுமார் 58 டன்.

பில்லில் தெரியாத இரண்டு உண்டு. ஒன்று, ஏர்கோனிலும் குளிர்பதனப் பெட்டியிலும் உள்ள வாயு. ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால் அது இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம். அடிக்கடி வாயு நிரப்பச் சொன்னால், எங்கே கசிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மற்றொன்று, உணவுக் கழிவு. அது குப்பை மேட்டில் காற்றுப் படாமல் அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. நூறாண்டு அளவில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கும். பினாங்கில் 2016 முதல் குப்பையைத் தரம் பிரிக்கும் கொள்கை நடப்பில் உள்ளது. சமையற்கட்டுக் கழிவை உரமாக்குவதும், பயன்படுத்திய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் வாங்குபவரிடம் விற்பதும் சுலபமான தொடக்கம்.

குறைப்பது என்றால் முதலில் விரயத்தை நிறுத்துவதுதான். குளிர்பதனப் பெட்டியின் தேய்ந்த ரப்பரை மாற்றுவது, ஏர்கோன் வடிகட்டியைக் கழுவுவது, அடுப்பின் பர்னரைச் சுத்தம் செய்து பானையை மூடிச் சமைப்பது, இரண்டு நடையை ஒரே நடையாக்குவது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு உயர்ந்ததை லோரிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரும் கைக்காசு.

அடுத்தது கூரை. 10 கிலோவாட் சூரியத் தகடுகள் நம் வெயிலில் மாதம் சுமார் 1,000 யூனிட் தரும். வாடகைக் கடையில் இருப்பவர்கள் கட்டட உரிமையாளரின் சம்மதத்தைப் பெற வேண்டும். அது முடியாவிட்டால், கூடுதல் கட்டணத்துக்குப் பசுமை மின்சாரம் பெறும் திட்டம் தெனாகா நேஷனலிடம் உண்டு.

இந்தச் செலவு தாங்குமா என்று கேட்பவர்கள் தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் அருகிலுள்ள ஓடந்துறை ஊராட்சியைப் பார்க்கலாம். அந்தச் சிறிய ஊராட்சி 2006இல் வங்கிக் கடன் பெற்று 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. ஊரின் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்தில் கடனை அடைத்தது.

நமது உணவகம் கூரையில் 1,000 யூனிட், விரயம் தவிர்த்து 300 யூனிட், நான்கு தோம்பு, 60 லிட்டர் டீசல் மிச்சம் பிடித்தால், 58 டன் ஏறக்குறைய 42 டன்னாக இறங்கும். இந்த மிச்சத்துக்குத்தான் ஈடு.

மரக்கன்று நட்டுப் படம் எடுத்தால் போதுமா? நன்கு வளர்ந்த ஒரு மரம் ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கரியமில வாயுவை உள்ளிழுக்கும் என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள். அப்படியானால் 42 டன்னுக்கு 2,100 மரங்கள் வேண்டும். பத்துக் கன்றுகள் நல்ல காரியம்தான், ஆனால் ஈடாகாது. இன்னொரு வழி கார்பன் வரவுகளை வாங்குவது. 2022 டிசம்பரில் தொடங்கிய பூர்சா கார்பன் சந்தையில், சபாவின் குவாமுட் மழைக்காட்டுத் திட்ட வரவுகள் 2024இல் டன்னுக்கு 50 வெள்ளிக்கு ஏலம் போயின. அந்த விலையில் 42 டன்னுக்கு 2,100 வெள்ளி. வாங்கிய வரவு உங்கள் பெயரில் பதிவேட்டில் கழிக்கப்பட்டதா என்று கேட்டு, ஆவணத்தைப் பெற்றுக் கொள்ளுங்கள். கழிக்கப்படாத வரவை இன்னொருவருக்கும் விற்க முடியும்.

கணக்கு இல்லாமல் “கார்பன் சமநிலைக் கடை” என்று பலகை மாட்டுவது ஆபத்து. வெறும் ஈட்டை மட்டும் காட்டி ஒரு பொருளைக் கார்பன் சமநிலை என்று விளம்பரம் செய்வதை ஐரோப்பிய ஒன்றியம் 2026 செப்டம்பர் 27 முதல் தடை செய்கிறது. அங்கே சரக்கு அனுப்பும் நம் மசாலா, ஊறுகாய் வணிகர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடன், சூரியத் தகடு, சான்றிதழ் எல்லாம் பிறகு. கடந்த 12 மாத மின் கட்டண, எரிவாயு, டீசல் பில்களை முதலில் ஒரு கோப்பில் சேருங்கள். படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரே மாலையில் கூட்டித் தந்துவிடும். ஆலையிலிருந்து கேள்வி வரும் நாளில், அந்த ஒரு தாள் உங்கள் குத்தகையைக் காப்பாற்றலாம்.