நிழற்படத்திலிருந்து புடைப்புச் சிற்பம்

திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் பிறந்த ஸ்ரீ நாராயண குருவின் நினைவாக இந்திய அரசு 2006-ஆம் ஆண்டில் ஐந்து ரூபாய் நாணயம் வெளியிட்டது. அம்முகத்தைக் கண்ணால் காண்பதோடு விரலால் தடவியும் அறியலாம். தட்டையான நிழற்படம் ஒன்றிலிருந்து இத்தகைய மேடுபள்ளத்தைக் கணிப்பொறியால் பெறுவது எவ்வாறு?

எளிய முறை ஒன்று உண்டு. படத்தில் வெளிச்சமான புள்ளியை மேடாகவும் இருண்ட புள்ளியைப் பள்ளமாகவும் கொள்வது அது. விரைவில் முடியும், ஆனால் முகம் கெடும். நெற்றித் திருநீறு மரச்சட்டம்போல் துருத்தி நிற்கும், கரும்புருவம் குழியாகும். நிறத்தை உயரமென்று கொண்டதன் விளைவு இது.

உண்மையில் ஒளி காட்டுவது உயரத்தையன்று, சரிவை. பொன்முடி செல்லும் வழியில், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் அமைந்துள்ள வித்துராவிலிருந்து மாலை வேளையில் மலையை நோக்குவோர் இதனை உணர்வர். கதிரவனை எதிர்கொள்ளும் சரிவு ஒளிரும். விலகிய சரிவு மங்கும். உச்சி என்பதனாலேயே உச்சி ஒளிர்வதில்லை. ஒளியளவிலிருந்து சரிவையும், சரிவுகளைத் தொடுத்து வடிவத்தையும் கணிக்கும் முறையை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்த்தோல்டு ஹார்ன் தம் 1970-ஆம் ஆண்டு ஆய்வேட்டில் வகுத்தார். எனினும், கருமை நிழலா, மயிரா என்பதை ஒரே படத்தைக் கொண்டு கணிப்பொறி ஐயமின்றித் தீர்மானிக்க இயலாது. பாரிசில் வில்லெம் என்பார் 1860-களிலேயே ஒருவரைச் சுற்றி 24 படப்பெட்டிகளை நிறுத்தியது வீண்வேலையன்று.

வடிவம் கிடைத்தபின் அதன் ஆழத்தைச் சுருக்கவேண்டும். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் அழுத்தினால் மூக்கு நிற்கும், இமைவரம்பு மறையும். ஆகவே பெரிய ஏற்றத்தாழ்வுகளை மிகுதியாகவும் நுண்ணியவற்றைக் குறைவாகவும் சுருக்குவர். மில்லிமீட்டருக்கும் குறைந்த உயரத்தில் ஒரு முகம் முழுமையாகத் தோன்றுவது இதனால்தான்.

நினைவுப் பலகைக்கு ஆணையிடும் அலுவலகங்கள் பெரும்பாலும் ஒரு முன்முகப் படத்தையே அனுப்புகின்றன. பக்கவாட்டுப் படமும் கிடைத்தால் மூக்கும் தாடையும் ஊகத்திற்கு இடமின்றி அமையும். பார்வையற்றோர் தொட்டறியும் பலகையில் இது இன்னும் முதன்மையானது. கண்ணுக்கு உண்மைபோல் தோன்றும் தாழ்ந்த புடைப்பு விரலை ஏமாற்றுவதில்லை. வெட்டுக்கருவியின் முனையையும் கேட்டறிதல் நன்று. அதனினும் நுண்ணிய இமைக்கோடு, திரையில் இருந்தாலும் கல்லில் இறங்காது. அதனைச் சிற்பி உளியால் தீட்டவேண்டும்.