தட்டினால் ஒலிக்காத குழாய்

எண்ணெய்க் கிணற்றில் ஃபைபர் கிளாஸ் குழாய் துருப்பிடிக்காது. ஆனால் அதன் பின்னால் சிமெண்ட் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு

மண்பானை வாங்குகிறவர்கள் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். ஒரே வித்தியாசம்: பானை ‘ணங்’கென்றால் நல்லது, கிணறு ‘ணங்’கென்றால் ஆபத்து.

மேல்கோட்டை போன்ற மைசூர்ப் பக்கத்துப் பாறை நிலங்களில் இந்தக் கவலை இல்லை. தண்ணீருக்குப் போடும் ஆழ்துளைக் கிணற்றில் மேல்மண் சரியாமலிருக்க பி.வி.சி. குழாய் இறக்குவார்கள், அதற்குக் கீழே பாறையே சுவர். காவிரி கடலைச் சேரும் டெல்டாவில் கதையே வேறு. நரிமணம், குத்தாலம் வட்டாரத்தில் எண்ணெய் இயற்கை எரிவாயுக் கழகத்தின் கிணறுகள், விவசாயியின் நிலத்தடி நீரைக் கடந்துதான் ஆழத்துக்குப் போகின்றன. குழாய்க்கும் துளைச் சுவருக்கும் இடையே உள்ள சந்தில் சிமெண்ட் ஒழுங்காகப் பிடிக்காவிட்டால் உப்புநீரும் வாயுவும் அதன் வழியே மேலேறி நல்ல தண்ணீரைக் கெடுக்கும். 2020இல் தமிழக அரசு கொண்டுவந்த வேளாண் மண்டலச் சட்டம் புதிய கிணறுகளுக்குத் தடை போட்டது. ஏற்கெனவே இயங்கியவற்றை அது தொடவில்லை.

எனவே சோதனை. கம்பியில் கட்டிய கருவி உள்ளே இறங்கி ஒலியை எழுப்புகிறது. சிமெண்ட் பிடிக்காத எஃகுக் குழாய் மணிபோல அதிர்ந்து உரத்த பதிலைத் தரும். சிமெண்ட் இறுகப் பிடித்திருந்தால் அதிர்வு அதில் கரைந்து பதில் மங்கிவிடும்.

ஆனால் ஆழத்தில் கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் சல்பைடும் எஃகை அரிக்கின்றன. மின்தூண்டல் கருவியால் எஃகைத் தாண்டிப் பாறையைப் பார்க்கவும் முடியாது. இதனால் சில கிணறுகளில், குறிப்பாகக் கண்காணிப்புக் கிணறுகளில், ஃபைபர் கிளாஸ் குழாய் இறங்குகிறது. அங்கேதான் சிக்கல். இந்தக் குழாய் இயல்பிலேயே மந்தமானது. ஒலியைச் சீக்கிரம் விழுங்கிவிடும். அதில் ஒலி போகும் வேகமும் சிமெண்டிலும் பாறையிலும் போவதை ஒட்டியே இருப்பதால் எது யாருடைய பதில் என்று பிரிப்பது கடினம். பின்னால் சிமெண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரைபடம் ‘நன்று’ என்றே சொல்லக்கூடும். குறை சொல்லத் தெரியாத சாட்சி!

வேறு வழிகள் உண்டு. சிமெண்ட் இறுகும்போது சூடாகும். முதல் ஒரு நாளுக்குள் வெப்பமானியை இறக்கினால் அது எந்த உயரம்வரை ஏறியிருக்கிறது என்று தெரியும். கலவையில் சிறிது கதிரியக்கப் பொருள் சேர்த்துக் காமா கதிர்மூலம் தேடலாம். ஃபைபர் கிளாஸ் எஃகைப்போல அதை அதிகம் மறைக்காது. எல்லாவற்றையும்விட உருப்படியானது, சிமெண்ட் இறக்குமுன் ஒருமுறை, இறுகிய பின் ஒருமுறை ஒலிப்பதிவு எடுத்து ஒப்பிடுவது. முதல் பதிவு இல்லாமல் இரண்டாவதை மட்டும் நம்புவது வீண். அழுத்தச் சோதனையும் செய்வார்கள். ஆனால் அதுவே வினையாகலாம். அழுத்தத்தில் உப்பும் குழாய் பிறகு சுருங்கும்போது சிமெண்டிலிருந்து மயிரிழை அளவு விலகினால், வாயுவுக்கு அதுவே போதும்.

இதெல்லாம் செலவு, காலதாமதம். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் 11 பேரைப் பலிகொண்ட ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ விபத்தில், ஒலிச் சோதனைக்காக வந்திருந்த குழு சோதிக்காமலேயே திருப்பி அனுப்பப்பட்டது. அங்கே இருந்ததோ ‘ணங்’கென்று பதில் சொல்லக்கூடிய எஃகுக் குழாய்.