பேறும் பேரும்: ஊவாத் தோட்டங்களிற் பிள்ளைப்பேறும் தந்தையின் வேலைநாளும்

1

மலையகப் பெருந்தோட்ட வழக்கிலே 'பேர்' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்றுண்டு. தொழிலாளியின் வருகையைச் செக்ரோலிற் பதிவதும், அவ்வருகைக்குரிய நாட்சம்பளமும் ஆகிய இரண்டையும் அச்சொல் குறிக்கும். கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' விழும். பிரட்டுக்குப் பிந்தினால் பேரே இல்லாமற் போகும். மனிதனின் பெயரும் அவன் விற்ற நாளும் ஒரே சொல்லாகிவிட்ட இவ்வழக்கு, பெருந்தோட்டத்தின் உற்பத்தியுறவை எந்த நூலினும் சுருக்கமாகக் கூறிவிடுகின்றது.

இக்கட்டுரை அப்பேருக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் இடையிலான முரண்பாட்டை நோக்குவது. மனைவி பிள்ளைபெறும் நாளிலே கணவன் வேலைக்குச் செல்வதா, அவளருகில் நிற்பதா என்ற வினா பொதுவாகத் தனிமனித ஒழுக்கத்தின் பாற்பட்டதாகவே கருதப்படுகின்றது. கடமையா, பாசமா என நமது திரைப்படங்களும் தொடர்கதைகளும் அதனை மனப்போராட்டமாக்கிக் காட்டும். ஆயின், தெரிவு என்பது தெரிவுசெய்ய இயலுபவனுக்கே உரியது. பதுளை, பசறை, நமுனுகுல, மடுல்சீமை, அப்புத்தளை ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் வாழ்ந்த தொழிலாளிக்கு அவ்வியலுமை எவ்வாறு மறுக்கப்பட்டது என்பதை ஆராய்வதே இங்கு நோக்கமாகும்.

2

முதலில் இலக்கிய மரபைக் காண்போம். தொல்காப்பியம் தலைவனின் பிரிவுக்கு ஓதல், பகை, தூது, பொருள் முதலிய காரணங்களை வகுக்கின்றது. இவை யாவும் தலைவன் தானே மேற்கொள்ளும் வினைகள். அதே நூலின் கற்பியல், புதல்வன் பிறந்த நெய்யணி நாளைத் தலைவன் இல்லம் மீளும் சந்தர்ப்பங்களுள் ஒன்றாகக் கொள்கின்றது. பரத்தையிற் பிரிந்தவனையும் பிள்ளைப்பேறு வீட்டுக்கு அழைத்துவரும் என்பது அம்மரபின் எதிர்பார்ப்பு. ஐங்குறுநூற்றின் செவிலிகூற்றுப் பத்திலே தாய், தந்தை, புதல்வன் மூவரும் ஒருங்கிருக்கும் காட்சி இல்லறத்தின் நிறைவாகப் போற்றப்படுகின்றது.

மறுபுறம், பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடல் (312) ஈன்று வளர்த்தலைத் தாய்க்கும், சான்றோனாக்குதலைத் தந்தைக்கும் பங்கிடுகின்றது. பிறப்பின் பொழுது தந்தைக்கு வேலை எதுவுமில்லை; அவன் பணி பின்னரே தொடங்குகிறது. வீரயுகச் சமுதாயத்தின் வேலைப்பிரிவினையைக் காட்டும் இக்கருத்து, காலங்கடந்து 'ஆண்பிள்ளைக்குப் பிரசவ வீட்டில் என்ன வேலை' என்னும் பொதுப்புத்தியாக எஞ்சியுள்ளது. அப்பொதுப்புத்தி தோட்ட நிர்வாகத்துக்கு எவ்வளவு வசதியாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஈண்டு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. சங்கத் தலைவனைப் பிரித்தது காடும் சுரமும். தோட்டத் தொழிலாளியும் அவன் மனைவியும் ஒரே மலையில் இருக்கிறார்கள். லயத்திலிருந்து கூப்பிட்டாற் கேட்கும் தொலைவிலேயே அவன் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருக்கலாம். அவர்களைப் பிரிப்பது இன்னொருவனுக்கு விற்கப்பட்ட நேரம். இத்தகைய பிரிவுக்கு நம் அகத்திணை இலக்கணத்தில் இடமில்லை.

3

இப்பிரிவின் வரலாற்று அடிப்படை யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோப்பித் தோட்டங்களுக்குப் பருவகால உழைப்பே பெரிதும் வேண்டியிருந்தது. அறுவடைக் காலத்திற் பெரும்பாலும் ஆண்களாக வந்த தமிழகக் கிராமத்தவர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். பிள்ளைகள் ஊரிலே பிறந்தன. அவற்றைப் பெற்று வளர்க்கும் செலவு முழுவதையும் கிராமமே சுமந்தது. கோப்பி அழிந்து தேயிலை பரவியபோது நிலைமை மாறிற்று. ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது தேயிலை. குடும்பம் முழுவதையும் தோட்டத்திலேயே நிலைநிறுத்த வேண்டிய தேவை எழுந்தது. பிள்ளைப்பேறு லயத்துக்குள் வந்தது.

உழைப்புச் சக்தியின் பெறுமதியில் நாளைய தொழிலாளியை வளர்த்தெடுக்கும் செலவும் அடங்கும் என மார்க்ஸ் விளக்கினார். வாழ்க்கைச் சாதனங்களின் உற்பத்தியோடு மனிதரின் மறுவுற்பத்தியும் வரலாற்றை நிர்ணயிப்பதென 1884இல் ஏங்கல்ஸ் எழுதினார். ஊவாத் தோட்டங்களிலே இவ்விரு உற்பத்திகளும் ஒரே வேலிக்குள், ஒரே துரையின் அதிகாரத்தின்கீழ் நடைபெற்றன. முதலாவதற்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கிருந்தது. இரண்டாவதற்குக் கணக்கு வைக்கத் தொடங்கியது சட்டம். அதுவும் தாயின் உடலளவில் மட்டுமே.

4

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்திற் பிள்ளைபெற்ற பெண் தொழிலாளிக்கு ஒரு மாதகாலம் போதிய உணவும் உறைவிடமும் வழங்குமாறு துரைக்குக் கடமை விதித்தது. மருத்துவ அதிகாரி தகுதியுள்ளவளெனச் சான்று தந்தாலன்றி அம்மாதத்தில் அவளை வேலைக்கு அழைத்தலாகாது. 1939இன் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இவ்வுரிமையைப் பணக்கொடுப்பனவாக விரித்தது. பிற்காலத் திருத்தங்களினால் முதலிரு பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வார விடுமுறையும் மூன்றாம் பிள்ளை முதற்கொண்டு அதிற் பாதியும் என்ற நிலை உருவாகி நெடுங்காலம் நீடித்தது. 2018இன் 15ஆம் இலக்கத் திருத்தச் சட்டமே இவ்வேற்றத்தாழ்வை நீக்கி, எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாட்கள் என ஆக்கியது.

இவை பெறுமதிமிக்க வெற்றிகள். இவற்றைச் சிறுமைப்படுத்துவது நமது கருத்தன்று. ஆயினும், இவ்வொரு நூற்றாண்டுச் சட்டங்கள் எதிலும் தந்தை என்றொருவன் இல்லை. அரசாங்க ஊழியருக்குச் சுற்றுநிருபத்தின் மூலம் மூன்று நாள் தந்தைமை விடுமுறை கிடைத்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தமும் தோட்டத் தொழிலாளியான தந்தையைப் பற்றி மௌனமே சாதித்தது. சுவீடன் 1974இலேயே தாய்க்குரிய விடுமுறையை இருபெற்றோருக்கும் உரியதாக மாற்றியமையையும், இந்திய மத்திய அரசின் ஆண் ஊழியருக்குப் பதினைந்து நாட்கள் வழங்கப்படுவதையும் இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம்.

5

சட்டம் மௌனமாயிருந்த இடத்திற் சம்பளமுறை பேசியது. 2016இன் கூட்டு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. அதன்மேல் வருகைக் கொடுப்பனவு 60 ரூபா. வேலை வழங்கப்பட்ட நாட்களுள் 75 வீதம் வந்தவருக்கே இது உரியது. உதாரணமாக, மாதத்தில் 24 நாட்கள் வேலை வழங்கப்பட்டால் 18 நாட்கள் வந்தாக வேண்டும். பதினேழு நாள் வந்தவன், வராத நாளின் சம்பளத்தோடு, வந்த பதினேழு நாட்களுக்குமுரிய 1,020 ரூபாவையும் இழப்பான். பிரசவத்துக்காக நின்ற ஒரேயொரு நாள் இவ்வெல்லையைத் தாண்டச் செய்துவிடலாம். அதே மாதத்திலேதான் மனைவியின் கொழுந்துச் சம்பளமும் வீட்டுக்கு வராது. தந்தையின் ஒரு நாளுக்கு மிகக் கூடிய விலை கொடுக்கவேண்டிய தருணமும், அக்குடும்பம் அவ்விலையைக் கொடுக்க மிகக் குறைவாக இயலும் தருணமும் ஒன்றேயாகின்றன. 2019 ஒப்பந்தத்தில் இவ்வருகைக் கொடுப்பனவு நீக்கப்பட்டது. ஆயினும், வந்த நாளுக்கே கூலி என்ற நாட்சம்பளத்தின் அடிப்படை மாறவில்லை.

ஸ்டோரில் வேலை செய்யும் ஆணின் நிலை இன்னும் இறுக்கமானது. நிறுத்த கொழுந்தை வாட்டும் தட்டிற் பரப்புவர். ஏறத்தாழ 12 முதல் 18 மணிநேரத்தில் அது வாடும். பின் ரோதையில் அரைத்து, புளிக்கவைத்து, சூட்டில் உலர்த்துவர். இடையில் நிறுத்தினால் கொழுந்து கெடும். ஊவாவின் தரமான தேயிலைக்குப் பெயர்பெற்ற யூலை முதல் செப்டெம்பர் வரையான காலத்திலே, கச்சான் காற்று அடிக்கையில், இரவுபகலாக ரோதை சுழலும். பிள்ளையும் காத்திராது, கொழுந்தும் காத்திராது. இரண்டும் இயற்கையின் நியதிகள் போலத் தோன்றுகின்றன. உண்மையில் அவ்வாறன்று. அந்த ரோதையை அந்த மனிதன் தவிர வேறெவரும் இயக்கலாகாதென இயற்கை விதிக்கவில்லை. மாற்றாள் ஒருவனை வைத்திருப்பது செலவு; அச்செலவைச் சேமிப்பதற்காகவே ஒருவனின் இன்மை ஈடுசெய்ய முடியாததாக்கப்படுகிறது.

6

இவ்விடத்தில் இக்கட்டுரையாளன் தன்னைப்பற்றிச் சிறிது கூறுதல் பொருத்தமாகும். பதுளைக்கும் பசறைக்கும் இடைப்பட்ட தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவன் நான். தந்தை ரோதைக்காரர். தாய்க்கு வலிகண்ட இரவு அவர் ஸ்டோரில் இருந்தார். கம்பளியிற் கிடத்தி வீதிவரை தூக்கிச் சென்றவர்கள் அயற் காம்பராக்காரர்கள். தந்தை மருத்துவமனைக்கு வந்து பிள்ளையைக் கண்டது மூன்றாம் நாள். 'அன்னைக்கு ரோதையைக் கைமாத்த ஆளில்லே' என்பார். உடனே, 'நான் பக்கத்துல நின்னு என்ன செஞ்சிருக்கப் போறேன்' என்று சேர்த்துக்கொள்வார்.

இவ்விரு வாக்கியங்களையும் நெடுங்காலம் ஒன்றென்றே எண்ணியிருந்தேன். முதலாவது நிகழ்ந்ததைக் கூறுவது. இரண்டாவது அதனைத் தாங்கிக்கொள்வதற்காகக் கூறப்படுவது. கட்டாயத்தால் நேர்ந்ததை ஆண்மையின் இயல்பென ஏற்கும்போது வலி குறைகிறது. கூடவே கேள்வியும் மறைகிறது. கருத்தியல் இயங்கும் முறை இதுவே. பழைய பாடலொன்றின் வேலைப்பிரிவினை இருபதாம் நூற்றாண்டுத் தோட்ட நிர்வாகத்தின் ஆளணிச் சிக்கனத்துக்குத் துணைபோன இடமும் இதுவே.

என் மகள் பிறந்தபோது திருத்தவேண்டிய விடைத்தாள்கள் மேசையிற் காத்திருந்தன, காத்திருக்கக்கூடியனவாகவும் இருந்தன. ஒரு விடுமுறைக் கடிதம் போதுமாயிற்று. நான் தந்தையினும் அன்புமிக்கவன் என்பதற்கு இது சான்றாகாது.

7

தந்தையின் இன்மைக்கு அரசியற் பரிமாணம் ஒன்றும் உண்டு. தோட்டத்தில் நிகழும் பிறப்பைப் பதிவாளருக்கு அறிவிக்கும் பொறுப்பைச் சட்டம் துரையிடமே ஒப்படைத்திருந்தது. பிள்ளை பிறக்கையில் அருகில் நிற்க இயலாத தந்தை, அதன் பதிவுக்கும் இன்னொருவரையே நம்பவேண்டியிருந்தது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமோ, ஏற்கெனவே இலங்கையிற் பிறந்தவரிடம் தந்தை இந்நாட்டிற் பிறந்ததற்கான சான்றையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்கான சான்றையோ கேட்டது. தந்தையின் உழைப்பைப் பெற்ற அமைப்பு அவனைப் பிள்ளையின் பிறப்பிலிருந்து விலக்கிவைத்தது. பின்னர் அவ்வமைப்பின் அரசே அவனுடைய பிறப்பைக் காட்டும்படி பிள்ளையிடம் கேட்டது. வம்சாவளிப் பிரசாவுரிமை தாய்வழியாகவும் பெறத்தக்கதாக ஆனது 2003இலேயே.

மலையகச் சிறுகதையாசிரியர் இவ்வாழ்வின் நெருக்கடிகளைக் கூர்ந்து நோக்கியுள்ளனர். ஹாலி-எலவை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப் (1934-2022), தமது 'மீன்கள்' கதையில் ஒற்றைக் காம்பராவுக்குள் ஒரு குடும்பத்துக்குத் தனிமையே அற்றுப்போனதை எழுதினார். இடம் மறுக்கப்பட்டதை அக்கதை காட்டியது. நேரம் மறுக்கப்பட்ட தந்தையை மையமாகக் கொண்ட கதைகள் இன்னும் எழுதப்படவேண்டியுள்ளன. தாயின் துயரை மட்டும் பாடி, தந்தையைக் குடிகாரனாகவோ பொறுப்பற்றவனாகவோ சித்திரிக்கும் எளிய வாய்பாட்டை விமர்சகர்களும் கேள்விக்குட்படுத்தல் வேண்டும்.

8

இறுதியாக, செய்யத்தக்கது யாது? 1940இல் பதுளையை அண்டிய வேவெஸ்ஸத் தோட்டத்தில், தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த குழுவோடு நிர்வாகம் கலந்துபேச வேண்டிய நிலையைப் போராட்டம் உருவாக்கிற்று. வேலைநாள் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பது துரையின் தனியதிகாரமன்று என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. அதன்பின் நடந்த சம்பளப் பேச்சுக்கள் ரூபாவின் தொகையையே முதன்மையாகக் கொண்டன. நேரம் என்பது கோரிக்கைப் பட்டியலில் அரிதாகவே இடம்பெற்றது.

பிரசவ காலத்திற் சம்பளத்தோடு கூடிய சில நாட்கள் தந்தைக்கு வழங்கப்படவேண்டும். அந்நாட்களுக்கு ஸ்டோரில் மாற்றாள் அமர்த்தும் செலவு நிர்வாகத்தையே சாரவேண்டும். மிகச்சிறிய கோரிக்கைகளே இவை. இவை கிடைத்தால் எல்லாத் தந்தையரும் மனைவியரின் அருகில் நிற்பர் என்பதற்கு உறுதியில்லை. நிற்காதவனைக் குறைகூறும் உரிமை அவன் மனைவிக்கும் பிள்ளைக்கும் அப்போதுதான் கிடைக்கும்.