கூட்டாளிகள் – 9: தியூ நம்பிய கடிதங்கள்

1973 ஜனவரி 27 அன்று கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையைச் சென்ற வாரம் பார்த்தோம். அமெரிக்கப் படைகள் வெளியேற வேண்டும். தெற்கே நுழைந்திருந்த வட வியட்நாம் படைகளோ இருந்த இடத்திலேயே இருக்கலாம். இதை ஏற்க தென் வியட்நாம் அதிபர் நுயென் வான் தியூ கடைசிவரை முரண்டுபிடித்தார். அவரைப் பணியவைத்தவை அமெரிக்க அதிபர் நிக்சனின் கடிதங்கள். மறுத்தால் உதவி நின்றுபோகும் என்ற மிரட்டல் ஒருபுறம். வடக்கு வாக்கு மீறினால் அமெரிக்கா முழு பலத்தோடு திருப்பி அடிக்கும் என்ற உறுதி மறுபுறம். அந்த உறுதிக்கு அமெரிக்க காங்கிரஸின் ஒப்புதல் இல்லை. தென் வியட்நாம் தலைநகர் சைகோன் வீழ்ந்த நேரத்தில்தான் கடிதங்களே வெளிச்சத்துக்கு வந்தன. நடுப்போரில் கூட்டாளியை விட்டுப் போவது கொடுமைதான். கொடுக்க அதிகாரம் இல்லாத வாக்கைக் கொடுத்து, அதை நம்பி அவன் போர்க்கணக்குப் போடும்படி செய்வது அதைவிடப் பெரிய கொடுமை என்பேன்.

1973 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தோசீனாவில் அமெரிக்க ராணுவ நடவடிக்கை எதுவும் கூடாது என்று காங்கிரஸ் சட்டமே போட்டுவிட்டது. மறு ஆண்டு நிக்சனும் பதவி விலகினார். 1975 நிதியாண்டுக்கான ராணுவ உதவி 70 கோடி டாலராகச் சுருங்க, எண்ணெய் விலை உயர்வு அதன் மதிப்பை மேலும் தின்றது. அமெரிக்கப் பாணியில் ஹெலிகாப்டரையும் பீரங்கியையும் நம்பிப் போரிடப் பழகிய ராணுவம் அது. இப்போது உதிரிபாகம் இல்லாமல் விமானங்கள் தரையில் நின்றன. குண்டுகள் அளந்து கொடுக்கப்பட்டன. அப்படியும் தியூ எந்த மாகாணத்தையும் விட்டுக்கொடுக்காமல் படையை எங்கும் பரப்பியே வைத்திருந்தார். 1975 ஜனவரி 6-ல் புவோக் லாங் மாகாணம் வீழ்ந்தபோது அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் வரவில்லை. இனி வராது என்பதை ஹனோய் உடனே புரிந்துகொண்டது. மார்ச்சில் பான் மே துவோட் நகரமும் விழுந்த பிறகு, 14-ஆம் தேதி காம் ரானில் கூடிய கூட்டத்தில், மத்திய மேட்டுநிலத்தைவிட்டுப் பின்வாங்கத் தியூ உத்தரவிட்டார். முன்னேற்பாடு ஏதும் கிடையாது. பராமரிப்பின்றிப் பாழடைந்து கிடந்த 7பி சாலையில் படை வண்டிகளும், மூட்டை முடிச்சோடு கிளம்பிய குடும்பங்களும் முட்டிமோதிக்கொண்டு போயின. ஆற்றைக் கடக்கப் பாலம் தயாராகும் முன்பே பின்னாலிருந்து தாக்குதல் வந்துவிட்டது. சொந்த விமானப்படையின் குண்டும் தவறுதலாக அவர்கள்மேல் விழுந்தது.

ஊழலில் ஊறிய அரசு எப்படியும் விழுந்திருக்கும் என்பார்கள். இருக்கலாம்; ஊழலும் தியூவின் தவறுகளும் உண்மைதான். அந்த முடிவு வாஷிங்டனுக்கு முன்பே தெரிந்திருந்தால், கூட்டாளியிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால், காக்க முடிந்த பகுதிக்குப் படையைச் சுருக்கவோ, பேரம் பேசவோ, ஆபத்திலிருப்பவர்களை முன்கூட்டி வெளியேற்றவோ அவகாசம் கிடைத்திருக்கும். 58,000 பேரைப் பறிகொடுத்த மக்கள் போர் போதும் என்று முடிவெடுப்பது அவர்கள் உரிமை என்ற வாதத்தையும் ஏற்கிறேன். அந்த உரிமையை மதிப்பவர் காங்கிரஸுக்குத் தெரியாமல் ஒரு போருக்கு வாக்குக் கொடுத்திருக்க மாட்டார். கூட்டாளியைக் கைவிட்டால் வல்லரசின் பெயர் கெட்டு அதன் அணியே சிதறும் என்று அப்போது பலர் எச்சரித்தார்கள். லாவோஸும் கம்போடியாவும் விழுந்தன. நேட்டோ கலையவில்லை, ஜப்பான் விலகவில்லை. அமெரிக்கா கொடுத்த விலை குறைவு.

விலை கொடுத்தவர்கள் வேறு. லட்சக்கணக்கானோர் ‘மறுகல்வி’ முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் படகேறி அயல்நாட்டுக் கரைகளை அடைந்தார்கள். கடலில் மாண்டவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. தென் வியட்நாம் ராணுவம் சண்டையே போடவில்லை என்று இன்றும் எழுதுபவர்கள் சைகோனுக்குக் கிழக்கே இருந்த சுவான் லோக் நகரில் நடந்த சண்டையைப் பார்க்க வேண்டும். நிக்சனுக்குப் பின் அதிபரான ஃபோர்டு கேட்ட 72.2 கோடி டாலரைத் தர காங்கிரஸ் மனமில்லாமல் இருந்த அதே ஏப்ரலில், ஜெனரல் லே மின் டாவின் 18-வது டிவிஷன், தன்னைவிடப் பெரிய படையை அங்கே ஏறக்குறைய இரண்டு வாரம் தடுத்து நிறுத்தியது. சைகோன் வீழ்ந்த பிறகு அவர் சிறைப்பட்டார். முகாமிலிருந்து அவர் வெளியே வந்தது 17 ஆண்டுகள் கழித்து, 1992-ல்.