பிளக்கைப் பிடுங்குவதற்கு முன் ஒரு நிமிடம்

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நூறடி நடந்தால் கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ், மலையாளம் எல்லாம் காதில் விழும். துலாவர்ஷம் என்னும் ஐப்பசி மழைக் காலத்துப் பிற்பகலில் இடி இறங்கி, கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் அத்தனை மொழியிலும் ஒரே புகார்தான்: நெட் வரவில்லை. அடுத்த நொடி யாராவது மேசைக்கு அடியில் குனிந்து ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கி, பத்து எண்ணி, மறுபடி சொருகுவார். பல நாள் அதிலேயே நெட் வந்தும்விடும். அதனால்தான் அந்தப் பழக்கம் இவ்வளவு கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பத்து எண்ணும் நேரத்தில் ஒரு பொருள் தொலைந்து போகிறது. ரவுட்டர் தனக்கு நடந்ததையெல்லாம் வரி வரியாக எழுதி வைக்கும். லாக் என்பார்கள். சிறிய பெட்டிகளில் இந்த நாட்குறிப்பு பெரும்பாலும் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். கரண்ட் நின்றால் அதுவும் அழியும். எதனால் நின்றது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியை நாமே துடைத்துவிட்டு, மறுநாள் அதே நேரத்தில் அதே கோளாறு வந்ததும் மறுபடி குனிகிறோம். அனுபவமுள்ள மெக்கானிக் போனில் முதலில் சொல்வது இதைத்தான்: “அண்ணாச்சி, ஒண்ணையும் அணைச்சிராதீங்க. நான் வந்து பார்க்கிற வரைக்கும் அப்படியே கிடக்கட்டும்.”

கொச்சிக்கு இணையம் புதிதல்ல. சிங்கப்பூர் வழியாக ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைத்த சீ-மீ-வீ 3 என்ற கடலடிக் கேபிளும், தென்னாப்பிரிக்காவிலிருந்து ரீயூனியன், மொரீஷியஸ் தொட்டு மலேசியாவின் பினாங்கு வரை போகும் சேஃப் கேபிளும் கரையேறிய ஊர் இது. 2024 ஜனவரி 3 அன்று தொடங்கிவைக்கப்பட்ட 1,868 கிலோமீட்டர் நீள லட்சத்தீவுக் கேபிளும் கொச்சியிலிருந்துதான் கிளம்புகிறது. கடலுக்கு அடியில் எப்போதாவது பெரிய விபத்து நடப்பது உண்மை. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா அருகே இரண்டு கேபிள்கள் அறுந்தபோது இந்தியா முழுவதும் இணையம் தள்ளாடியது. ஆனால் ஒரு மிளகுக் கடையில் நெட் நிற்கும்போது காரணத்தைத் தேட வேண்டிய இடம் அவ்வளவு தூரத்தில் இருப்பது அபூர்வம். சுவரில் தொங்கும் ஃபைபர் பெட்டி, அதிலிருந்து ரவுட்டருக்கு வரும் ஒரு முழ ஒயர், ரவுட்டர், அதன் அடாப்டர். முதலில் பார்க்க வேண்டியது இவைதான்.

பழைய ரேடியோப் பெட்டி மாதிரி ரவுட்டரும் மூடிய சாமான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு முழுக் கணினி. திரையும் விசைப்பலகையும் கிடையாது, அவ்வளவுதான். உள்ளே ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம். இது வெளியே தெரிந்த கதை சுவையானது. 2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற நீலக் கறுப்பு ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே, அதற்குள் இருப்பது லினக்ஸ்தான் என்று நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: அதைப் பெட்டியில் வைத்து விற்பவர் மூல நிரலையும் கேட்பவருக்குத் தர வேண்டும். கேட்டார்கள்; 2003-லேயே நிரல் வெளியே வந்தது. அதை வைத்து 2004-ல் ஓப்பன்வர்ட் என்ற திட்டம் பிறந்தது. இன்று நூற்றுக்கணக்கான ரவுட்டர் மாடல்களில் அதை ஏற்றிக்கொள்ளலாம். வாங்கிய பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும் உரிமை வாங்கியவருக்கு அப்படித்தான் கிடைத்தது.

இப்படிப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கக் கேரளத்தில் இன்னொரு பலமும் உண்டு. 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது; அரசுப் பள்ளிகள் பின்னர் கட்டற்ற மென்பொருளுக்கே மாறின. லினக்ஸில் கணினிப் பாடம் படித்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடினால் அவர்கள் மிரளுவதில்லை.

சரி, கேள்வியை எங்கே தொடங்குவது? பெட்டியிடம் முதலில் கேட்க வேண்டியது, நீ கண் விழித்து எவ்வளவு நேரமாகிறது என்பதுதான். ரவுட்டரின் கட்டளைத் திரையில் அப்டைம் என்று ஒரு சொல் தட்டினால் போதும். யாரும் தொடாத ரவுட்டர் “பதினொரு நிமிடம்” என்று பதில் சொன்னால், அது தானாக விழுந்து எழுந்திருக்கிறது. அப்போது லைன்காரரைத் திட்டிப் பயனில்லை, அடாப்டரைத்தான் பார்க்க வேண்டும். கடற்கரை ஊரில் உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கும். இடியும் மின்னழுத்த ஏற்றத் தாழ்வும் அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரை மெல்லக் கொன்றுவிடும். உச்சி உப்பிய கெப்பாசிட்டரோடும் 12 வோல்ட் அடாப்டர் வேலை செய்வதுபோலவே இருக்கும், விளக்கும் எரியும். ஆனால் நாலு பேர் ஒரே நேரத்தில் வைஃபை இழுத்ததும் பெட்டி மயங்கி விழும். மாலை வியாபார நேரத்தில் மட்டும் நெட் போகிறது என்ற புகாருக்குப் பின்னால் இப்படியொரு நோஞ்சான் அடாப்டர் இருப்பது புதுமையில்லை.

அடுத்தது லைன். ஃபைபர் பெட்டியில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளிச்சமே வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது ரவுட்டரில் கை வைக்கவே கூடாது. நல்ல நிலையில் இருக்கும் அமைப்பையும் கலைத்துவிட்டு, லைன் வந்த பிறகும் நெட் வராமல் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. விளக்கு சரியாக இருந்தால் அடிமேல் அடி வைத்து வெளியே நடக்கலாம். கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஒரு பிங், ரவுட்டரிலிருந்து இணைய நிறுவனத்தின் வாசலுக்கு ஒரு பிங், அங்கிருந்து வெளியுலகத்துக்கு ஒன்று. ‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பதில் வாங்கும் பிங், 1983-ல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய குட்டி நிரல். எந்த அடியில் பதில் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. எண் முகவரிக்குப் பதில் வந்து, பெயர் முகவரிக்கு மட்டும் வரவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். கெட்டிருக்கிறது, பாதை நன்றாகவே இருக்கிறது.

இப்படித் தேடும்போது அடிக்கடி மாட்டும் ஒரு சிக்கல் முகவரிக் குழப்பம். இணைய நிறுவனம் தந்த பெட்டியும் உள்ளே 192.168.1.1, நாம் வாங்கி மாட்டிய ரவுட்டரும் 192.168.1.1. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? நம் ரவுட்டரின் உள் எண்ணை 192.168.50.1 என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது. இரண்டு நாள் அலைக்கழித்த கோளாறு இரண்டு நிமிடத்தில் முடியும்.

எல்லாவற்றிலும் ஆளைக் குழப்புவது பாதி வேலை செய்யும் நெட். ஒரு ஏற்றுமதி அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் செய்தி போகிறது, வருகிறது. கூகுள் திறக்கிறது. வங்கிப் பக்கம் பாதி வெள்ளையாக நின்றுவிடுகிறது. பில் இணைத்த மின்னஞ்சல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிங் அடித்தால் பதில் அருமையாக வருகிறது. வங்கியைக் குறை சொல்வதா, கணினியில் வைரஸ் என்பதா?

மட்டாஞ்சேரிக்காரருக்கு இதை மூட்டை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். இணையத்தில் எல்லாத் தகவலும் மூட்டை மூட்டையாகத்தான் போகிறது. உள்ளூர் வலையில் ஒரு மூட்டையின் உச்ச அளவு 1500 பைட். ஆனால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் பி.பி.பி.ஓ.ஈ. இணைப்பில் ஒவ்வொரு மூட்டைக்கும் 8 பைட் மேலுறை போடுகிறார்கள். ஆக அந்த வாசல் கொள்வது 1492 தான். சின்னச் செய்திகள் கைப்பை மாதிரி, இடிக்காமல் நுழைந்துவிடும். வங்கிப் பக்கமும் பில்லும் முழு மூட்டைகள். மேலே ‘பிரிக்காதே’ என்று வேறு எழுதியிருக்கும். வாசலில் இடித்து நின்ற மூட்டையைப் பற்றி அனுப்பியவருக்கு ஒரு சீட்டு போக வேண்டும்: வாசல் 1492, சின்னதாகக் கட்டி அனுப்பு. இந்த ஏற்பாடு 1990-லேயே எழுதிவைக்கப்பட்டது. கெடுதல் எங்கே என்றால், பாதுகாப்பு என்ற பெயரில் வழியிலுள்ள ஃபயர்வால்கள் அந்தச் சீட்டையும் சேர்த்துத் தடுத்துவிடுகின்றன. அனுப்பியவருக்குச் சேதியே போகாது. அவர் அதே பெரிய மூட்டையை மறுபடி மறுபடி அனுப்புவார். இங்கே பக்கம் வெள்ளையாகவே நிற்கும்.

இதை ஐந்து நிமிடத்தில் உறுதிப்படுத்தலாம். பிங் அனுப்பும்போது ‘பிரிக்காதே’ என்று சொல்லி, அளவை 1472 என்று வைக்க வேண்டும். தலைப்பு 28 பைட் சேர்ந்து 1500 ஆகும். பதில் வராது. அளவை 1464 ஆக்கினால், 28 சேர்ந்து சரியாக 1492. பதில் ஓடிவரும். அந்த எட்டு பைட்தான் திருடன். மருந்தும் சின்னது. இரண்டு கணினிகள் பேச்சைத் தொடங்கும்போது, தலைப்பு நீங்கலாகத் தம் மூட்டை அளவைச் சொல்லிக்கொள்ளும். ரவுட்டர் அந்த முதல் வார்த்தையைப் பிடித்து 1460 என்பதை 1452 என்று திருத்திவிட்டால் அதன்பின் பெரிய மூட்டையே வராது. லினக்ஸ் ஃபயர்வாலில் இது ஒற்றை வரி. அந்த வரி விடுபட்டதால் மாதக்கணக்கில் அவதிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று நினைக்கும்போது மனம் கசக்கிறது.

ஃபயர்வால் விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். அனுமதி, மறுப்பு என்று முதலில் பொருந்தும் விதியே தீர்ப்பு. கீழே எவ்வளவு அழகாக அனுமதி எழுதினாலும் மேலே ஒரு தடை இருந்தால் அது செத்த எழுத்து. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் எத்தனை மூட்டை, அதாவது பாக்கெட், அதில் பட்டது என்ற எண்ணிக்கையும் ஓடும். இதைப் பார்க்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. உதாரணத்துக்கு, துபாயில் இருக்கும் மகனுக்குக் கிடங்கின் கேமரா தெரியவில்லை. விதி சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது. அவர் அங்கே முயலும்போது இங்கே எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றால், பாக்கெட் நம் வாசலுக்கே வரவில்லை. ரவுட்டரின் வெளி முகவரியைப் பார்க்க வேண்டும். 100.64-லிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால், பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குள் நிறுவனம் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். 2012-ல் இதற்கென்றே ஒதுக்கிய எண்கள் அவை. இனி ரவுட்டரில் எதை மாற்றினாலும் கேமரா தெரியாது. தனிப் பொது முகவரி கேட்டு வாங்க வேண்டும்.

சில கோளாறுகளை லாக் மட்டுமே சொல்லும். ‘கான்டிராக் டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட்’ என்று ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தால், நடந்துகொண்டிருக்கும் உரையாடல்களை எழுதிவைக்கும் பேரேடு நிரம்பிவிட்டது. லினக்ஸின் வழக்கமான அமைப்பில் பேச்சற்றுக் கிடக்கும் ஓர் இணைப்பைக்கூட ஐந்து நாள் அந்தப் பேரேட்டில் வைத்திருக்கும். பழைய கணக்கு அடைத்துக்கொண்டு புது வாடிக்கையாளருக்கு இடமில்லாமல் போகிறது. பிளக்கைப் பிடுங்கினால் பேரேடு காலியாகி நெட் வரும். ஆனால் எந்தக் கணினி ஆயிரக்கணக்கில் இணைப்புகளைத் திறந்தது என்ற தடயமும் அதோடு போய்விடும். அது கெட்டுப்போன கேமராவாகக்கூட இருக்கலாம். 2016-ல் மிராய் என்ற தீநிரல் கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான் படையாகத் திரட்டியது, தொழிற்சாலைக் கடவுச்சொல்லை யாரும் மாற்றாததால்.

அணைத்துப் போடச் சொல்லி அரசாங்கமே கேட்ட சந்தர்ப்பமும் உண்டு. 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் சுமார் ஐந்து லட்சம் ரவுட்டர்களில் புகுந்திருப்பது தெரிந்ததும், அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. மக்களை ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடக் கேட்டுக்கொண்டது. அதிலும் தீநிரலின் மேல் அடுக்குகள் மட்டுமே அழிந்தன. அடி அடுக்கு பெட்டியிலேயே தங்கிவிட்டது. அதைக் களைய முழுதாக அழித்து மீண்டும் அமைக்க வேண்டியிருந்தது.

மட்டாஞ்சேரியில் பரதேசி சினகாக் என்ற யூதர் ஆலயத்தின் பக்கத்தில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. 1760-ல் ஏசேக்கியேல் ரஹாபி என்ற வணிகர் கட்டியது. வியாபாரத்துக்கு நேரம் எவ்வளவு முக்கியம் என்று அந்தத் தெருவுக்குத் தெரியும். ரவுட்டருக்கும் அது முக்கியம். ஆனால் சின்னப் பெட்டிகள் பலவற்றில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்ததும் ஏதோ பழைய தேதியில் கண் விழிக்கும். இணையத்திலிருந்து சரியான நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளும். பெயர் முகவரிகளைக் கையொப்பம் சரிபார்த்தே ஏற்கும்படி அமைத்திருந்தால் இங்கே ஒரு முடிச்சு விழும். நேர சேவையகத்தின் பெயரைத் தேட சரியான தேதி வேண்டும், சரியான தேதிக்கு அந்தச் சேவையகம் வேண்டும். இடி மழைக்குப் பிறகு எந்தத் தளமும் திறக்காமல், லாக்கில் பழைய தேதி நின்றால் இதுதான் சங்கதி. நேர சேவையகத்தின் எண் முகவரி ஒன்றையும் சேர்த்து எழுதிவைத்தால் முடிச்சு அவிழும்.

இத்தனையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ரவுட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் அட்டை ஒட்டினால் போதும். உள் முகவரி எண், மென்பொருளின் பதிப்பு, அமைப்பின் நகல் இருக்கும் பென் டிரைவ் எந்த இழுப்பறையில் என்ற குறிப்பு, கடைசியாக என்ன மாற்றப்பட்டது, யார் மாற்றினார். கடவுச்சொல்லை மட்டும் அங்கே எழுதக் கூடாது. அதற்குக் கீழே பென்சிலால் தேதி போட்டு ஒவ்வொரு கோளாறும் ஒரு வரி. ஐப்பசி வந்து அட்டை நிரம்பும்போது, இடி இறங்கிய நாள்களும் அடாப்டர் மாற்றிய நாள்களும் அதில் அடுத்தடுத்து நிற்பதைக் கடைக்காரரே விரல் வைத்துக் காட்டுவார்.