அதே ஹெல்சிங்கி, அதே டோக்கியோ.. 9 மணி நேரப் பயணம் 13 மணி நேரமானது ஏன்?

பின்லாந்தின் ஹெல்சிங்கியில் இருந்து ஜப்பானின் டோக்கியோவுக்கு வான்வழியில் சுமார் 7,800 கி.மீ. தான். சைபீரியாவுக்கு மேல பறந்தா ஒன்பதரை மணி நேரத்தில் போயிடலாம். ஆனா இப்போ சுமார் 13 மணி நேரம் ஆகுது. என்ன காரணம்?

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தடை போட்டது. பதிலுக்கு ரஷ்யாவும் தன் வான்வெளியை மூடியது. இதனால் ஃபின்ஏர் விமானங்கள் வடதுருவம் வழியாகவோ, தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ சுற்றிப் போகின்றன.

சுற்றினால் எரிபொருள் கூடும், செலவும் ஏறும். ஆசியாவுக்குக் குறுக்குவழி என்பதுதான் ஹெல்சிங்கி விமான நிலையத்தின் பலமே. அதுதான் இப்போ அடிவாங்கியிருக்கு.

ஆக, பயண நேரத்தை முடிவு செய்வது தூரம் மட்டுமல்ல. எந்த நாட்டு வானம் திறந்திருக்கு என்பதும்தான்!