படிவங்களை இயக்கும் இரு முறைகள்

குடும்பக் கணக்கெடுப்புக்குச் செல்லும் ஊழியர்கள் பலர் இந்நாளில் காகிதத்துக்குப் பதிலாகக் கைப்பேசியிலேயே படிவத்தை நிரப்புகின்றனர். படிவத்தின் அமைப்பில் குறை இருப்பின், பிழையான தகவல் ஒருவர் கண்ணிலும் படாமல் பட்டியலில் சேர்ந்துவிடும். அதனைத் திருத்த மீண்டும் அவ்வீட்டுக்கே செல்ல நேரிடும். ஆகவே இத்தகைய படிவங்களை இயக்கும் இரு முறைகளை அறிந்திருத்தல் நலம்.

கட்டளை முறை

முதல் முறையில், கணிப்பொறி செய்ய வேண்டிய செயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படுகின்றன. 1995-ஆம் ஆண்டில் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட் மொழி இணையப் படிவங்களில் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது.

ஒரு வீட்டில் ஆண்கள் 3, பெண்கள் 2 என்று பதிவாவதாகக் கொள்வோம். பெண்களின் எண்ணிக்கை பதிவானதும் இரண்டையும் கூட்டி எழுதுக என்பது கட்டளை. மொத்தம் 5 என வருகிறது. பின்னர் ஊழியர் ஆண்களின் எண்ணிக்கையை 4 என்று திருத்துகிறார். அப்போதும் கூட்டுமாறு தனிக் கட்டளை எழுதப்படாவிடில், மொத்தம் 5 என்றே நிற்கும். வினாக்கள் பெருகப் பெருக, இவ்வாறு விடுபடும் இடங்களும் பெருகும்.

விதி முறை

இரண்டாவது முறையில் செயல்வரிசை கூறப்படுவதில்லை. தகவல்களுக்கிடையே நிலவ வேண்டிய உறவே கூறப்படுகிறது. மொத்தம் என்பது ஆண், பெண் எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகை என்று ஒரு முறை எழுதினால் போதும். இரண்டில் எது மாறினும் மொத்தமும் தானே மாறும். கணக்குத் தாளில் சூத்திரம் எழுதுவோர் இதனை நன்கறிவர்.

2003-ஆம் ஆண்டு அக்டோபரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு பரிந்துரைத்த எக்ஸ்ஃபார்ம்ஸ் என்னும் தரம் இம்முறையில் அமைந்தது. விடை கட்டாயமா, அதன் வரம்பு யாது, வினா எப்போது பொருந்தும், மதிப்பு எவ்வாறு கணக்கிடப்படும் என்பன இதில் விதிகளாகின்றன. பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லை என்று விடை திருத்தப்பட்டால், முன்பு நிரப்பிய வகுப்பு விவரம் பொருந்தாததாகி, அனுப்பப்படும் தகவலிலிருந்து விலக்கப்படும்.

2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்ற ஓப்பன் டேட்டா கிட் என்னும் கள ஆய்வுக் கருவி இத்தரத்தின் ஒரு பகுதியைக் கையாள்கிறது. இதற்குரிய விதிகளைக் கணக்குத் தாளிலேயே எழுதலாம். நிரல் எழுதப் பயிலாத மேற்பார்வையாளரும் அவற்றைப் படித்துக் குறைகளைச் சுட்டிக்காட்ட இயலும். இம்முறையின் தலையாய நன்மை இதுவே எனலாம்.

படிநிலைத் தொடர்

அனுப்பப்பெற்ற படிவத்தையும் இவ்வாறே படிநிலைகளில் செலுத்தலாம். நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தெளியவைத்தல், வடிகட்டல், குளோரின் கலத்தல் என்பன தொடர்வதுபோல, சரிபார்த்தல், வடிவம் மாற்றல், சேமித்தல் என்பன தொடர்கின்றன. ஒன்றின் விளைவு அடுத்ததற்கு உள்ளீடாகும். ஆதலின் பிழை எந்நிலையில் நேர்ந்தது என்பதைத் தனித்தனியே சோதித்தறியலாம். இத்தகைய தொடர்களை விவரிக்கும் எக்ஸ்பிராக் மொழி 2010-இல் பரிந்துரைக்கப்பட்டது.

எல்லைகள்

விதி முறையிலும் குறைகள் உண்டு. ஒரு மதிப்பு ஏன் மாறியது என்று கண்டறிவது சில வேளைகளில் கடினம். ஒன்றையொன்று சார்ந்த இரு விதிகள் வட்டமாகச் சுழலுமாயின் கணக்கீடு முடிவுறாது. எக்ஸ்ஃபார்ம்ஸ் அதனைப் பிழையென அறிவிக்கும். வழக்கத்துக்கு மாறான தேவைகளுக்குக் கட்டளை நிரலே ஏற்றது. மேலும், பயனரின் கருவியில் செய்யும் சோதனையை எளிதில் தவிர்த்துவிடலாம்; எனவே எம்முறையாயினும் தகவலைப் பெறும் கணிப்பொறியும் மீண்டும் சரிபார்த்தல் இன்றியமையாதது.

இதனைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், மாணவரை உடனே நிரல் எழுதச் சொல்லாமல், ஒவ்வொரு வினாவுக்கும் உரிய வரம்பு, பொருத்தம், கணக்கீடு ஆகியவற்றைப் பட்டியலிடச் செய்வது பயன் தரும். பட்டியல் தெளிவாக அமைந்துவிடின், எம்முறையைக் கையாளினும் படிவம் பெரும்பாலும் செவ்வனே அமையும்.